ஆர்எஸ்வி சளி: நாளை எண்ணுங்கள், மூச்சை எண்ணுங்கள்

ஆர்எஸ்வி என்பது கைக்குழந்தைகளின் நுரையீரல் நுண்குழாய்களைத் தாக்கும் ஒரு வைரஸ். முதல் இரண்டு நாள் சாதாரண ஜலதோஷம் மாதிரிதான் இருக்கும். மூச்சுத் திணறல் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் 3 முதல் 5ஆம் நாளுக்குள். இரண்டாம் நாள் டாக்டர் "நெஞ்சில் ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருப்பார். நான்காம் நாள் இரைப்பு வந்தால் "முந்தாநாள்தானே காட்டினோம்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மறுபடி காட்டுங்கள். சளி தொடங்கிய தேதியையும் சொல்லுங்கள்.

மூச்சைத் தூங்கும்போது எண்ணுங்கள்: சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பார்த்து, முழு 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 40. இதைத் தொட்டாலே வேகம்தான். விலா இடுக்கு உள்ளே குழிந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

—

பால் குடிக்காததற்கு முதலில் மூக்கைப் பாருங்கள். பால் கொடுக்கக் கால் மணி நேரம் முன்பு, மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு துளையிலும் 2–3 சொட்டு சலைன் (மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு). ஒரு நிமிடம் விடுங்கள். சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியைத் துளை வாயிலில் வைத்து மெதுவாக விடுங்கள். மூக்குக்குள் வைத்து அமுக்கினால் சளி உள்ளேதான் போகும். பால் குடித்த பிறகு செய்தால் கக்கிவிடும். மணிக்கொரு தரம் உறிஞ்சினால் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும்.

வழக்கமான பாலில் பாதிகூட இறங்கவில்லை, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைதான்.

—

வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்பதற்காகச் சால்பியூட்டமால் (மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் ஆஸ்துமா மருந்து) வைக்காதீர்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. இங்கே நுண்குழாயின் சுவர் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் அடைக்கின்றன. இறுகாத தசையைத் தளர்த்தி என்ன பயன்? ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

—

தடுப்புக்கு இரண்டு வழி. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி: உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்திலிருந்து சொல்கிறது, அமெரிக்காவில் 32–36. குழந்தை பிறக்க இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். இல்லையேல் குழந்தைக்கு நிர்செவிமாப், தொடையில் ஒரே ஊசி: எடை 5 கிலோவுக்குக் கீழ் 50 மி.கி., அதற்கு மேல் 100. அது தயார்நிலை எதிர்ப்பொருள், குறைந்தது 5 மாதம் காக்கும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று போதும்.

குறைமாதக் குழந்தைக்கும் 2 மாதத்துக்குள் உள்ளதற்கும் இரைப்பே இல்லாமல், மூச்சு விட்டுவிட்டு நிற்பதே முதல் அறிகுறியாக வரலாம். அப்போது வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ்.