நவதுறவிக்குக் கிராமப் பணி: வீடு சந்திப்பில் என்ன பேசுவது?

கேள்வி: நவதுறவியாக (கன்னியர் சபையில் பயிற்சி நிலையில்) இருக்கிறேன். அடுத்த மாதம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். வீடு சந்திப்பு என்றாலே உதறுகிறது. போய் என்ன பேச?

பதில் 1: தங்கச்சி, முதலில் நேரத்தைப் பார். பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வடிக்க) விடியுமுன்னே போய்விடுவார்கள், பால் எடுத்து ரப்பர் ஷீட் அடித்து முடிய மதியம் ஆகிவிடும், அதனால் காலையில் போனால் பாட்டிமார்தான் இருப்பார்கள் (ஊர்க்கதை முழுக்க அவர்களிடம்தான்!). சாயங்காலம் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது) போய் உட்கார். பேசாதே, கேள்.

பதில் 2: அக்கா சொன்னது சரி. ஆனால் கடற்கரைக்கு மாற்றினால் கணக்கே வேறு. 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து மறை பரப்பிய ஊர்கள், ஜெபமாலை உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்க.

கேள்வி கேட்டவர்: மழைக்காலத்தில்?

பதில் 1: பெருமழையில் வெட்டு நடக்காது, எல்லாரும் வீட்டில்தான். ஆனால் கூலி இல்லாத நாள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போய் நிற்காதே.