வடவள்ளியா சரவணம்பட்டியா: நாங்க வீடு தேடி அலைஞ்ச கதை

கொங்கு மருமக

எங்கூட்டுக்காரருக்கு வேலை கோயமுத்தூர் கீரணத்தம் ஐடி பார்க்ல. அதனால வீடு வாங்கலாம்னு பேச்சு வந்த அன்னிக்கே அவரு சரவணம்பட்டின்னு முடிவு கட்டிட்டாரு, ஆபீஸ் பக்கம், மால் பக்கம், ஏர்போர்ட்டுக்கு காளப்பட்டி வழியா போயிக்கலாம், வேற என்ன வேணும்னு. நான் ஊருக்கு மேக்கால இருக்கற வடவள்ளின்னேன். ஏன்னு கேட்டதுக்கு மொதல்ல எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரல, லாலி ரோடு சிக்னல் தாண்டி மருதமலை ரோட்டுல போனாலே காத்து வேற மாதிரி இருக்குதுங்கன்னு சொன்னேன். காத்துக்கு எந்த பேங்க்ல லோன் தருவான்னு கேட்டாரு.

வீட்ல நாங்க ரெண்டு பேரு, மூணாவது படிக்கிற பையன், மாமனார், மாமியா. கையில இருந்த காசுக்கு ரெண்டு பக்கமும் கிடைச்சது வேற வேற. சரவணம்பட்டில மூணு சென்ட்ல புது டூப்ளெக்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, கார் பார்க்கிங் இருக்குன்னாங்க, ஆனா காரை விட்டுட்டா பைக்கை ரோட்டுலதான் நிறுத்தணும். வடவள்ளில நாலரை சென்ட்ல பழைய வீடு, மொசைக் தரை, பின்னாடி ஒரு தென்னை, கறிவேப்பிலை, ஆனா பாத்ரூம் ரெண்டையும் இடிச்சுத்தான் கட்டணும், வயரிங் மாத்தணும், அதுக்குத் தனியா காசு எடுத்து வைக்கணும்.

சரவணம்பட்டில வீடு காட்டினவரு வாயைத் தொறந்தா மெட்ரோதான். சத்தி ரோட்டுலயே வருதுங்க மேடம், வலியாம்பாளையம் பிரிவு வரைக்கும் பிளான் போட்டாச்சு, இப்ப வாங்கிப்போட்டா டபுள் ஆயிரும்னு. பிளான் போட்டது உண்மைதான், ஆனா 2025 நவம்பர்ல மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிருச்சு, மெட்ரோவுக்கு 20 லட்சம் ஜனத்தொகை வேணும், 2011 கணக்குப்படி கோயமுத்தூருக்கு அவ்வளவு இல்லைன்னு. பேப்பர்ல அது வந்த பொறவும் அவரு மெட்ரோவையும் சேர்த்துத்தான் வெலை சொன்னாரு. என்னிக்கோ ஒரு நாள் வரலாம்ங்க, யாரு வேணாம்னா, ஆனா வராத ரயிலுக்கு நான் ஏன் இப்பவே இஎம்ஐ கட்டணும்?

அடுத்தது தண்ணி. கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கு இது புரியும், வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. வடவள்ளி புரோக்கர் சிறுவாணித் தண்ணிங்க சிறுவாணித் தண்ணிங்கன்னு அடிச்சு விட்டாரு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டா பவானித் தண்ணியும் வருதுன்னு சொன்னாங்க. எந்த ஆத்துத் தண்ணின்னு பார்க்கறதை விட எத்தனை நாளைக்கு ஒருக்கா வுடறாங்கன்னு கேக்கணும், அதையும் விக்கறவங்ககிட்ட கேக்கக் கூடாது. தெருவுல நடந்து போகும்போது வாசல்ல எத்தனை நீல ட்ரம் நிக்குதுன்னு பாருங்க, தண்ணி லாரி ஏறி இறங்கி ரோட்டோரம் நொறுங்கி இருக்கான்னு பாருங்க. நாங்க பார்த்த சரவணம்பட்டி லேஅவுட்ல மொத வாரம் பார்த்தப்பவும் லாரி, அப்புறம் போனப்பவும் லாரி. போர் ஆயிரம் அடிக்குப் போயிருக்கு, வர்றது உப்புத் தண்ணின்னு வாட்ச்மேனே சொன்னாரு. அதே சரவணம்பட்டில பழைய ஊருக்குள்ள தண்ணிக்குப் பிரச்சனையே இல்லைன்னும் சொல்றாங்க, அதனால ஏரியா பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

ஆனா எங்களுக்கு விஷயம் முடிஞ்சது வேற எடத்துல. வீடு பார்க்கப் போறவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமைதான் போவாங்க, அன்னிக்கு எல்லா ஏரியாவும் நல்லாத்தான் இருக்கும். நான் மாமியாவைக் கூட்டிட்டு ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு ரெண்டு எடத்துக்கும் போனேன். சரவணம்பட்டி தெருவுல டெலிவரி பசங்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்ல, எல்லா வீட்லயும் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. இங்க பகல்ல யாரு அம்மிணி இருப்பாங்கன்னு மாமியா கேட்டாங்க. வடவள்ளி தெருவுல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் திண்ணையில பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு, தள்ளுவண்டியில காய் வந்துச்சு, வண்டிக்காரர்கிட்ட பேரம் பேசினதுலயே மாமியாவுக்கு ரெண்டு பேரு பழக்கம் ஆயிட்டாங்க. எங்கூட்டுக்காரரு பத்து மணி நேரம் வெளிய இருக்காரு, வீட்ல அந்தப் பத்து மணி நேரமும் இருக்கப்போறது நாங்க நாலு பேரு. இதை அன்னிக்கு ராத்திரி சொன்னப்போ அவரு பதில் பேசல, அடுத்த நாள் காலையில எழுந்து பைக்கை எடுத்துட்டு வடவள்ளியில இருந்து ஆபீசுக்கு ஓட்டியே பார்த்துட்டாரு, இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், துடியலூர், வெள்ளக்கிணறு, சரவணம்பட்டின்னு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை, மூணு நாள் இந்த ஓட்டம்னா தாங்குவேன்னு சொன்னாரு. வடவள்ளிலயே வாங்கிட்டோம். மூணு நாளும் புலம்பல் உண்டு, அதை நான் காதுல வாங்கறதில்ல.

கீரணத்தம் கீபோர்டு

அக்கா, உங்க கதை சரிதான், ஆனா எனக்கு நேர் எதிரா நடந்துச்சு. நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டு பேரும் ஐடி, அவளுக்கு நைட் ஷிப்ட் வேற. மொதல்ல மேக்கால பக்கம்தான் பழைய தெருவா பார்த்து வீடு தேடினோம். வீடு பிடிச்சுப்போச்சு, காபி எல்லாம் குடுத்தாங்க, டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள நீங்க என்ன ஆளுங்கன்னு நேராவே கேட்டுட்டாங்க. எதிர் வீட்டுப் பெரியவரு என் மனைவிகிட்ட ராத்திரி எத்தனை மணிக்கு வருவே கண்ணுன்னு கேட்டாரு. திண்ணையில ஆள் உக்காந்திருக்கறது உங்க மாமியாவுக்குத் துணை, எங்களுக்கு அது சிசிடிவி. சரவணம்பட்டில அபார்ட்மெண்ட் வாங்கினோம், ராத்திரி ரெண்டு மணிக்கு கேப் வந்து நின்னாலும் எவனும் ஜன்னலைத் தொறந்து பார்க்கறதில்ல. எங்க பொண்ணு சாயங்காலம் கீழ எறங்கினா விளையாட பதினஞ்சு குழந்தைங்க இருக்கு, தமிழ், தெலுங்கு, இந்தின்னு எல்லாம் கலந்து ஒரு பாஷை பேசுது. சத்தி ரோடு டிராபிக்கைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, கணபதி ஏரியா தாண்டறதுக்குள்ள ஒரு பாட்காஸ்ட் முடிஞ்சுரும்.

70ஆம் நம்பர் பஸ்

வடவள்ளி வாங்கறவங்க தைப்பூசத்தப்ப ஒருக்கா வந்து பாருங்க. காந்திபுரத்துல இருந்து மருதமலை ரோடு பூரா பாதயாத்திரை ஜனம், கேட்டை விட்டு வண்டி எடுக்க முடியாது. 2025 ஏப்ரல்ல மருதமலை கோயில் கும்பாபிஷேகத்தப்பவும் அதே கதைதான். எங்கப்பாவுக்கு வருஷா வருஷம் வாசல்ல மோர் பந்தல் போடறதுல அப்படி ஒரு சந்தோஷம், எனக்கு அன்னிக்கு லீவு போட்டே ஆகணும்.

சோமையம்பாளையத்தான்

வடவள்ளின்னு சொல்லி புரோக்கருங்க எங்க வரைக்கும் காட்டறாங்கன்னு உஷாரா பாருங்க. பஸ் ஸ்டாண்டு பக்கமும் வடவள்ளிதான், மலை அடிவாரத்துல காட்டை ஒட்டி சைட் போட்டுட்டு அதையும் வடவள்ளிங்கறாங்க. ரெண்டுக்கும் நடுவுல யானை இருக்குது. நான் சும்மா சொல்லல. போன வருஷம் ராத்திரி நாய் விடாம குரைச்சுச்சு, திருடன்னு நெனச்சு லைட்டைப் போட்டேன், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வாழையை முறிக்கற சத்தம். ஒத்தை யானை. அது பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருக்கு, நாங்க பூஜை ரூம்ல உக்காந்துட்டு பாரஸ்ட் ஆபீசுக்கு போன் போட்டோம், ஜீப்ல வந்து சைரன் போட்டு காட்டுப் பக்கம் திருப்பி விட்டாங்க. மறுநாள் கேட் வளைஞ்சு கெடந்துச்சு. யானை மேல தப்பில்லீங்க, அதோட தடத்துல நாம சைட் போட்டு வித்துட்டு இருக்கோம். 2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல ஒரு பொம்பளை யானை நோய்ப்பட்டு செத்துச்சே, கிரேன் கட்டி நிக்க வெச்சு வைத்தியம் பார்த்தும் பொழைக்கல, போஸ்ட்மார்ட்டத்துல வயித்துக்குள்ள பிளாஸ்டிக்கும் குட்டியும் இருந்துச்சு. குப்பைக் கிடங்கைக் காட்டுக்குப் பக்கத்துல வெச்சா வேற என்ன நடக்கும். அடிவாரத்துல சைட் வாங்கறவங்க அந்தக் கிராமம் ஹாகா, அதாவது மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தோட லிஸ்ட்ல வருதான்னு பாருங்க, அவங்க அனுமதி இல்லாம அங்க லேஅவுட் போட முடியாது. வெலை கம்மியா சொல்றான்னா காரணம் இருக்கும்.

பத்திரக்காரர்

எந்த ஏரியான்னாலும் செலவைக் கணக்குல வைங்க. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் தனியா போகும், பேங்க் அதுக்கு லோன் தராது. பழைய வீடுன்னா வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க, மூலப்பத்திரம் ஒரிஜினல் கையில இருக்கான்னு பாருங்க, பட்டாவுல இப்ப விக்கறவர் பேருதான் இருக்கான்னு பாருங்க, அண்ணன் தம்பி கையெழுத்து பாக்கின்னு பின்னாடி வந்து நிக்கறவங்க நெறைய. மேக்கால வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, மயில்கல்லுல இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் 32 கிலோமீட்டர் மேற்கு புறவழிச்சாலை போடறாங்க, உங்க சர்வே நம்பர் அதுக்கு எடுக்கற நிலத்துல வருதான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. ரோடு பக்கத்துல வந்தா லாபம், வீட்டு மேலயே வந்தா கோர்ட்டுதான்.

கொங்கு மருமக

@கீரணத்தம் கீபோர்டு, நீங்க சொன்னதுல எனக்கும் சங்கடம்தான், எங்ககிட்டயும் கேட்டாங்க, மாமனார் பதில் சொல்லிட்டாரு, நான் ஒண்ணும் பேசல. உங்க மனைவி எடத்துல நான் இருந்திருந்தா சரவணம்பட்டிதான்.

@பத்திரக்காரர், சர்வே நம்பர் பார்த்துட்டோம்ங்க, வரல. பட்டா மட்டும் இன்னும் பழைய ஓனரோட அப்பா பேருல இருந்துச்சு, அதை மாத்திக் குடுத்த பொறவுதான் மீதிப் பணம்னு அக்ரிமெண்ட்லயே எழுதிட்டோம். அதனால கொஞ்ச மாசம் தள்ளிப்போச்சு. இப்ப பாத்ரூம் வேலை நடக்குது, வடவள்ளி பக்கம் டைல்ஸ் போட நல்ல மேஸ்திரி யாராச்சும் தெரிஞ்சா தனியா சொல்லுங்க, இப்ப வர்றவரு மத்தியானம் சாப்பிடப் போனா திரும்பி வர்றதில்ல.