ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லலாமா?

தகடூரான்:
1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டில், காட்டை வெட்டி அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் பதிவான ஒலிநாடாவை நேற்றிரவு கேட்டேன். முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகர், தன்னை நம்பி அமெரிக்காவிலிருந்து வந்த மக்களிடம், சாவதே மேல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம். திராட்சைச் சுவைப் பானத்தில் சயனைடு கலந்து, முதலில் குழந்தைகளுக்குத்தான் கொடுத்தார்கள். அன்று மாண்டவர்கள் மொத்தம் 918 பேர். அவர்களில் 300 பேருக்கு மேல் சிறுவர்கள். படுத்தும் தூக்கம் வரவில்லை. என் பெரியம்மா நினைவாகவே இருந்தது.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பெரியப்பா போன பிறகு பெரியம்மா ஒரு சாமியாரிடம் போகத் தொடங்கினார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை நிறுத்திவிடு, நான் தரும் தீர்த்தம் போதும் என்று சாமியார் சொன்னதை எங்களில் ஒருவரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்தில் மாதந்தோறும் ஒரு பெண் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவார். பெரியம்மா அவரை உட்கார வைத்து மோர் கொடுப்பார், மாத்திரையை வாங்கிக்கொள்வார். காலில் முள் குத்திய புண் ஆறாமல் கறுத்துப்போய், நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே எட்டு மாதத்து மாத்திரை அட்டைகள். மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

ராகி மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறது என்று சொல்லிவிடுகிற பெண் அவர். அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஜோன்ஸ்டவுன் மக்களைப் பற்றியும் இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

நேர்வழி:
பெரியம்மாவுக்கு என் அஞ்சலி. ஆனால் உங்கள் முடிவை ஏற்க மாட்டேன். நஞ்சு என்று தெரிந்தும் பிள்ளையின் வாயில் ஊற்றியவர்களுக்கு வேறு என்ன பெயர்? 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் கூட்ட நெரிசலில் 121 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். போதகர் நடந்து போன இடத்து மண்ணை எடுக்க முண்டியடித்ததாகச் செய்தி வந்தது. நம் மாநிலத்திலேயே விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்குகளில் 1997-ல் இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகும் அவரைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள். நீதிமன்றம் சொல்லியும் கண் திறக்காதவர்களை இரக்கத்தோடு அணைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த சாமியாருக்குக் கூட்டம் குறையுமா?

அடியேன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். ஒரு அயோக்கியனைச் சொல்லி எல்லா குருமார்களையும் ஒரே தட்டில் நிறுத்தாதீர்கள்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டினேன். பதினோரு வருடம் குடித்தேன். மனைவியின் தாலியை அடகு வைத்துக் குடித்தவன் நான். டாக்டர் சொன்னார், மாமனார் சொன்னார், போலீஸ்கூடச் சொன்னது. கேட்கவில்லை. என் குரு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்பது நாள் தன் திண்ணையிலேயே படுக்க வைத்து, கை நடுங்கியபோது தன் கையால் கஞ்சி கொடுத்தார். ஒன்பது வருடமாக நான் தொடவில்லை. இந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கை என்றால் அந்தக் குருடு எனக்குப் போதும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவர் கோவிலில் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வருகிற ஆயிரக்கணக்கான பேரும் மூளையை அடகு வைத்தவர்களா?

நேர்வழி:
கோவிலில் விளக்கு ஏற்றுவதை நான் குறை சொல்லவில்லை. விளக்கு யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை.

தகடூரான்:
அடியேன் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து கோபப்படாமல் கேளுங்கள். ஜோன்ஸும் தொடக்கத்தில் உங்கள் குருவைப் போலத்தான் தெரிந்திருப்பார். 1950-களில் இண்டியானாபொலிஸ் நகரில் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு, முதியோர் இல்லம், போதைக்கு அடிமையானவர்களை மீட்கும் பணி, எல்லாம் அவருடைய சபையில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்துக்கே அவரைத் தலைவராக்கினார்கள். அங்கே போனவர்கள் நல்லதைத் தேடித்தான் போனார்கள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பறிபோனது. வீட்டை எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தார்கள். ஓய்வூதியக் காசோலையும் சபைக்கே போனது. கயானாவுக்குப் போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நேர்வழி ஐயாவும் இதைக் கவனிக்க வேண்டும்: நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பி, இது நஞ்சு, குடியுங்கள் என்று கொடுத்துவிட்டு, குடித்த பிறகு இது நஞ்சில்லை, உங்கள் விசுவாசத்தைச் சோதித்தேன் என்று சொன்னதும் அங்கே நடந்திருக்கிறது. கடைசி நாளில் சுற்றிலும் துப்பாக்கியோடு காவலர்கள் நின்றார்கள். சிறு குழந்தைகளின் வாயில் ஊசிக்குழலால் செலுத்தினார்கள். இதைத் தற்கொலை என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

பெண்ணாகரம் ஆசிரியை:
அந்த நாடாவில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்ணின் குரலும் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லையே. அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, ரஷ்யாவுக்குப் போய்விடலாமே, குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் அல்லவா என்று ஜோன்ஸிடம் வாதாடினார். அவர் வாயை அடைத்தவர்கள் பக்கத்தில் இருந்த சக விசுவாசிகள். ஜோன்ஸ் சத்தம் போட வேண்டிய தேவையே வரவில்லை. இருபது வருடமாக வகுப்பில் நிற்கிறேன். சந்தேகம் கேட்கும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் சிரித்தே அடக்கிவிட்டால், மறுநாள் அவன் கை தூக்க மாட்டான்.

அடியேன் அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குருவிடம் நீங்கள் கடைசியாக எப்போது "முடியாது" என்று சொன்னீர்கள்?

அடியேன்:
என் குருவை அந்தக் கொலைகாரனோடு வைத்துப் பேசுகிறீர்கள். மனம் வலிக்கிறது. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நேர்வழி:
கேள்வி கேட்டால் வலிக்கிறது என்கிறார். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தகடூரான்:
ஐயா, அவரைக் குத்த வேண்டாம். பெரியம்மாவின் தம்பி அவரிடம் உங்களைப் போலத்தான் பேசினார், சாமியார் பின்னால் அலைகிறாயே, வெட்கமில்லையா என்று. அன்றோடு பெரியம்மா அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாத்திரை விஷயத்தை எங்களிடம் மறைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். திட்டுவோம் என்று பயந்திருக்கிறார். சாமியார் மட்டும்தான் அவரைத் திட்டவில்லை.

நேர்வழி:
இதை நான் யோசித்ததில்லை. அந்தச் சாமியார் மேல் புகார் கொடுத்தீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தகடூரான்:
கொடுத்தோம். பெரியம்மா தானாகத்தான் நிறுத்தினார், தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சாட்சி சொல்ல இருந்தவர் பெரியம்மா ஒருவர்தான். டின் அண்ணனிடம் இருக்கிறது. யார் சொன்னாலும் தூக்கிப் போட மாட்டேன் என்கிறான்.

அடியேன்:
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆசிரியை அம்மா கேட்டது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது.

ஒரு முறை நடந்தது வேறு விதம். ஐந்து வருடத்துக்கு முன்பு என் இரண்டு ஏக்கர் மாந்தோப்பை மடத்துக்கு எழுதித் தருகிறேன் என்று நானே போனேன். பெண் படிக்க வேண்டும், பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போ என்று திருப்பி அனுப்பியவர் என் குரு. அதனால்தான் அவரை ஜோன்ஸோடு சேர்த்ததும் துடித்துப்போனேன். ஆனால் இப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அதிகம் பேசுவதில்லை. சுற்றி இருக்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். போன ஆடியிலிருந்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவரைத் தனியாகப் பார்க்க விடுவதில்லை. போன மாதம் ஒருவர் என்னிடம் தோப்பைப் பற்றி விசாரித்தார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே, இன்னும் என்ன என்றார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

வருகிற பௌர்ணமிக்குப் போகிறேன். அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன். விடவில்லை என்றால் இங்கே வந்து எழுதுகிறேன்.