ஸ்பாட்டிங் எரர்ஸில் எல்லா வாக்கியமும் எனக்குச் சரியாகவே படுகிறது, என்ன செய்ய?

அருப்புக்கோட்டைப் பையன்:
வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கணிதம். இரண்டு வருடம் குரூப் 4-க்குப் படித்தேன். அதில் தமிழே 100 கேள்வி என்பதால் ஆங்கிலத்தைத் தொடவே இல்லை. இப்போது மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுப் பக்கம் வந்திருக்கிறேன். அதன் முதல் கட்டமான டியர் 1-ல் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மார்க். போன ஞாயிறு மாக் டெஸ்ட்டில் 22 போட்டு 12 சரி, 10 தப்பு. தப்புக்கு அரை மார்க் வீதம் கழித்து 19 வந்தது. கணக்கில் சம்பாதிப்பதை எல்லாம் இங்கே தொலைக்கிறேன்.

ஸ்பாட்டிங் எரர்ஸில், கொடுத்த ஆங்கில வாக்கியத்தில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வாக்கியத்தைப் படித்தால் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. தப்பே இல்லை என்று ‘நோ எரர்’ போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கோச்சிங்கில் 120 விதி அடங்கிய நோட்டு ஒன்று கொடுத்தார்கள். பாதி மனப்பாடம், பரீட்சையில் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. தமிழில் யோசிப்பதால்தான் தப்பு வருகிறது, ஆங்கிலத்திலேயே யோசி என்கிறார் சார். அது எப்படி?

மூன்றாவது அட்டெம்ப்ட்:
தம்பி, நானும் தமிழ் மீடியம்தான். மூன்றாவது தடவையில் சிஜிஎல் தேறி, இன்று ஆபீஸில் தினமும் ஆங்கிலத்தில் கோப்பு எழுதுகிறேன். இன்னமும் எனக்கு ஆங்கிலத்தில் யோசிக்க வராது. வராததைச் செய் என்றால் எப்படிச் செய்வது?

நான் செய்தது நேர்மாறு. தப்பு விட்ட ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் அதன் தமிழை எழுதினேன். ஒரு 80 பக்க நோட்டு தீர்வதற்குள் ஒன்று தெரிந்துவிட்டது: தமிழ் நம்மைச் சில இடங்களில்தான் கவிழ்க்கிறது.

முதலில் காலம். ‘2019-லிருந்து இங்கே வேலை பார்க்கிறார்’ என்றால் நமக்கு நிகழ்காலமே போதும். அதனால் ‘ஹி இஸ் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ உறுத்தாது. ‘ஹேஸ் பீன் வொர்க்கிங்’ வர வேண்டும். சின்ஸைக் கண்டாலே இப்போது என் கண் வினைச்சொல்லுக்கு ஓடும்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘அதைப் பற்றி’ என்று சொல்லிப் பழகியதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ சரியாகப் படும். டிஸ்கஸுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கிவிட்டது. ‘என்னைவிட சீனியர்’ என்பதால் ‘சீனியர் தேன்’ என்போம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாவற்றுக்கும் ‘டு’தான். ‘அவளோடு கல்யாணம்’ ஆனாலும் ‘மேரீட் டு’.

‘கள்’ விகுதியும் படுத்தும். தகவல்கள், சாமான்கள் என்று சொல்கிறவனுக்கு ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘லக்கேஜஸ்’ எப்படித் தப்பாகத் தெரியும்? அப்புறம் ‘நீ வராவிட்டால்’. நம் வினையிலேயே இல்லை என்பது இருப்பதால் ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதுகிறோம். அங்கே அன்லெஸே அந்த வேலையைச் செய்துவிடும்; ‘டோன்ட்’ வந்தால் அதுதான் தப்பு.

ஆனால் எழுவாய்க்கு ஏற்ற வினை என்று வந்தால் தமிழை விடாதீர்கள். ‘ஆசிரியர் மாணவர்களோடு வந்தார்’ என்போமா, வந்தார்கள் என்போமா? ‘தி டீச்சர் அலாங் வித் ஹிஸ் ஸ்டூடண்ட்ஸ் ஹேஸ் கம்’ அதே கணக்குதான். வினாத்தாளில் ‘ஹேவ்’ என்று வைத்திருப்பார்கள். ‘ஸ்டூடண்ட்ஸ்’ ஒட்டி நிற்பதால் கண் ஏமாறும். ‘என் நண்பரில் ஒருவர்’ என்று நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று மட்டும் ஊரே சொல்கிறது!

கிளார்க் கனவு:
அக்கா சொல்வது எஸ்எஸ்சிக்கு ஓடும். வங்கி கிளார்க் பிரிலிம்ஸில் 30 கேள்விக்கு 20 நிமிடம். இதில் தமிழாக்கிக் கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். நான் வினைச்சொல்லை முதலில் பிடித்து, அதன் எழுவாயைத் தேடுவேன். நடுவில் இருப்பதைப் படிக்கவே மாட்டேன்.

மூன்றாவது அட்டெம்ப்ட்:
ஹாலில் தமிழாக்கச் சொல்லவில்லை தம்பி, வீட்டில்தான். நோட்டு ஒன்று தீர்ந்தால் கண்ணே பழகிவிடும். நடுவில் இருப்பதைப் படிக்காமல் போனால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ எப்படிச் சிக்கும்?

ஒரு சின்ன வித்தை. ‘எ’யா ‘ஆன்’ஆ என்று குழம்பினால் அடுத்த சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிவர்சிட்டி: முதலில் மெய் ஒலி, ‘எ’. ஹானஸ்ட்டில் ஹ ஒலிக்காது, ‘ஆனஸ்ட்’ என்று எழுத வேண்டும்: ‘ஆன்’. எம்.எல்.ஏ.: ‘ஆன்’. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் கவனம். ‘ஒன்’ என்று உயிரெழுத்தில் எழுதினாலும் வாயில் ‘வன்’ என்றே வருகிறது, அதனால் ‘எ ஒன்-ருபீ நோட்’. இதில் நான் ஒரு மார்க்கையே விட்டிருக்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பையன்:
அக்கா, நேற்று ராத்திரி பத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஏழு பிடிபட்டது. ஒன்றில் மாட்டிக்கொண்டேன். ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் நாட் குட்’. ‘மாம்பழங்களின் தரம் நன்றாக இல்லை.’ இல்லை என்பதற்கு ஒருமை பன்மையே கிடையாதே. எப்படிப் பிடிப்பது?

மூன்றாவது அட்டெம்ப்ட்:
அட, இது எனக்குத் தோன்றியதே இல்லை. ‘இல்லை’யைத் தூக்கிவிட்டு ‘குறைந்தது’, ‘குறைந்தன’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆனால் பேச்சுத் தமிழை நம்பாதீர்கள். பேச்சில் ‘பழங்கள் விழுந்தது’ என்றுதான் வரும். அஃறிணைக்கு எழுத்துத் தமிழ்தான் காப்பாற்றும்.

அருப்புக்கோட்டைப் பையன்:
மாம்பழங்களின் தரம் குறைந்தது. அப்போது ‘இஸ்’. குரூப் 4-க்கு ஒருமை பன்மைப் பிழை நீக்குதல் என்று ஒரு பகுதியே படித்தேன் அக்கா. அந்த நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன், இறக்குகிறேன்.