முன்பின் தெரியாத அலுவலகத்துக்கு முதல் ஈமெயில்: வன்னியிலிருந்து வந்து தொழில் தொடங்குபவர்களுக்கு

புதுக்குடியிருப்பிலிருந்து வந்து, இங்கே படித்து முடித்து, கனடாவின் ஸ்காபரோவில் சிறிதாக புக் கீப்பிங் (தொழில்களின் வரவு செலவுக் கணக்கு எழுதும் வேலை) தொடங்கியிருக்கிற தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, கணக்காளர்களுக்கும் வீட்டுக்கடன் எடுத்துத் தருகிற மோட்கேஜ் ஏஜன்ட்மாருக்கும் ஈமெயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆட்களை என்னிடம் அனுப்புங்கோ என்று கேட்கிறேன். ஒருவரும் பதில் போடுகிறார்கள் இல்லை. என்னதான் எழுதுறது?" அவருடைய மாதிரியையும் அனுப்பியிருந்தார். என் அலுவலகத்துக்கும் இப்படி நிறைய வரும். அதனால் வாசிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வன்னி ஆட்களுக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய குடும்பங்களில் மனு எழுதாத வீடு எது? காணிப் பத்திரத்துக்கு ஒன்று, தொலைந்த அடையாள அட்டைக்கு ஒன்று, இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவுக்குப் பெயர் விடுபட்டுப் போச்சு என்று இன்னொன்று. ஐயா, மேற்படி விடயம், குடும்பத்தின் கஷ்டம், கடைசியில் தாழ்மையான வேண்டுகோள். பிரதேச செயலகத்துக்கு அந்த வடிவம் சரி. உங்கள் தேவையைக் கேட்பது அங்கே இருப்பவரின் கடமை. மார்க்கம் நகரில் இருக்கிற கணக்காளருக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. தங்கச்சியின் ஈமெயிலில் முதல் பந்தி முழுக்க எப்போது வந்தார், எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தார், ஒரு வாய்ப்புத் தந்தால் மறக்கமாட்டேன் என்பதுதான். வாசித்தவர் இரங்கியிருப்பார். இரங்கிவிட்டு அடுத்த ஈமெயிலுக்குப் போயிருப்பார்.

ஊரில் அறுவடைக்கு மெஷின் பிடிக்கிறதை யோசித்துப் பாருங்கள். "இன்னாருடைய மெஷின் நல்லது" என்று சொல்லிவிட்டவரிடம்தான், நெல்லு சிந்தினாலும் மெஷின் வராமல் விட்டாலும் வயல்காரர் வந்து நிற்பார். ஒரு கணக்காளர் தன் வாடிக்கையாளரை உங்களிடம் அனுப்பும்போது அவர் தருவது ஆளை மட்டுமில்லை, தன் பெயரையும்தான். ஆகவே உங்கள் ஈமெயிலை வாசிக்கும்போது அவர் மனதில் ஓடுவது இதுதான்: இந்தப் பிள்ளை வேலையை ஒழுங்காகச் செய்யுமா? நாளைக்கு என் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுத்துவிடுமா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா?

கடைசிக் கேள்வியை நம்மவர்கள் பெரும்பாலும் யோசிப்பதேயில்லை. தமிழ் வாடிக்கையாளர் பலருக்குத் தன் கணக்கை இன்னொரு தமிழாளிடம் காட்டவே பயம். கலியாண மண்டபத்தில் தன் வருமானம் கதையாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயம் ஒன்றும் வீண்பயமில்லை. கணக்காளருக்கும் இது தெரியும். இரகசியம் காப்பதைப் பற்றி ஒரு வரி எழுதினால், நீங்கள் நிலைமை தெரிந்தவர் என்று அவருக்கு விளங்கிவிடும்.

நான் என்றால் இந்தச் சாரத்தில் எழுதுவேன் (ஆங்கிலத்தில்தான், பெறுபவர் தமிழராக இருந்தாலும்):

"தலைப்பு: தமிழ் பேசும் ட்ரக் உரிமையாளர்களின் மாதக் கணக்கு

வணக்கம். சொந்தமாக ட்ரக் ஓட்டுபவர்களுக்கு டக்ஸ் ரிட்டர்ன் செய்வதாக உங்கள் இணையத்தளத்தில் பார்த்தேன். பற்றுச்சீட்டுகளைப் பையில் போட்டு ஏப்ரல் கடைசியில் கொண்டுவரும் தமிழ் வாடிக்கையாளர்கள் உங்களிடம் இருந்தால், நான் மாதாமாதம் அவர்களோடு தமிழில் கதைத்துச் சீட்டுகளை வாங்கி, குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் ஒழுங்காக்கி உங்களிடம் தருவேன். நான் ரிட்டர்ன் செய்வதில்லை, அது உங்கள் வேலையாகவே இருக்கும். அவர்களின் விபரத்தை அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாரோடும் கதைக்க மாட்டேன். கற்பனைக் கடை ஒன்றுக்குச் செய்த மாதிரிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?"

அவ்வளவுதான். கீழே பெயர், தொலைபேசி எண், தபால் முகவரி. ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போடக்கூடிய கேள்வியோடு முடிகிறது, கவனித்தீர்களா? "உங்களுக்கு வசதியான நேரத்தில் சந்தித்து ஒத்துழைப்புப் பற்றி உரையாடலாம்" என்றால் அவர் நாட்காட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த மினக்கேட்டுக்கு முதல் ஈமெயிலில் யாரும் தயாரில்லை. கோப்பு எதையும் இணைக்கவும் வேண்டாம், முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பை யார் திறப்பார்கள்?

உங்கள் தமிழ்தான் இங்கே மூலதனம். அதனால் தமிழ்க் கணக்காளர்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டிராதீர்கள். தமிழ் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அவர்களிடம் ஒரு பற்றுச்சீட்டு வாங்க முடியாமல் திண்டாடும் தமிழரல்லாத கணக்காளருக்கு உங்கள் தேவை இன்னும் கூட. மோட்கேஜ் ஏஜன்டுக்கு எழுதினால் கதை வேறு: சுயதொழில்காரருக்குக் கடன் எடுக்க வங்கிகள் பொதுவாக 2 வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல் கேட்கும். கணக்கு ஒழுங்கில்லாததால் விண்ணப்பம் இழுபடுகிற ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

கிளிநொச்சித் தம்பி ஒருவரும் கேட்டிருந்தார்: "அக்கா, நான் இப்போது பிரம்டனில் இருக்கிறேன். ஊரில் தங்கச்சி கம்பியூட்டர் படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறா. ஒரு ஈமெயில் லிஸ்ட் வாங்கி அவவைக் கொண்டு 500 பேருக்கு ஒரேயடியாக அனுப்பலாமா? இலங்கையிலிருந்து போனால் கனடாச் சட்டம் பிடிக்காதுதானே?"

பிடிக்கும், தம்பி. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற கனடாவின் ஸ்பாம் (கேட்காமல் வரும் விளம்பர ஈமெயில்) எதிர்ப்புச் சட்டம், ஈமெயில் கனடாவிலுள்ள கணினியில் திறக்கப்பட்டாலே பொருந்தும், கிளிநொச்சியிலிருந்து போனாலும் சரிதான். உச்சத் தண்டம் தனியாளுக்கு 10 இலட்சம் டொலர், நிறுவனத்துக்கு 1 கோடி. உங்களைப் போன்ற சின்ன ஆளுக்கு அவ்வளவு வராது என்றாலும் லிஸ்ட் வாங்குகிற யோசனையை விடுங்கள்.

சட்டம் வழியை முழுக்க அடைக்கவில்லை. ஒருவர் தன் தொழில் ஈமெயிலைப் பகிரங்கமாகப் போட்டிருந்து, "விளம்பரம் அனுப்ப வேண்டாம்" என்று அங்கே எழுதாமலும் இருந்து, நீங்கள் எழுதுவது அவருடைய தொழிலோடு சம்பந்தப்பட்டதாகவும் இருந்தால், சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் எடுத்தீர்கள் என்பதைத் திகதியோடு சேமித்து வையுங்கள், ஏனென்றால் சம்மதம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அனுப்பியவர்தான். இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் கீழே இருக்க வேண்டும். அப்படி யாராவது சொன்னால் 10 வேலைநாளுக்குள் நிறுத்த வேண்டும்.

இன்னொரு வழி நமக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. உங்களையும் அவரையும் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய முழுப்பெயரையும் அவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்பதையும் குறிப்பிட்டு, சம்மதம் இல்லாமலே ஒரு ஈமெயில் அனுப்பலாம். ஒன்றே ஒன்று. முள்ளியவளை வித்தியானந்தாவில் கூடப் படித்தவர் நீங்கள் எழுத நினைக்கிற லோயருடைய வாடிக்கையாளராக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். ஆனால் அவரிடம் கேட்காமல் பெயரைப் போடக்கூடாது, அது சட்டத்துக்கு முன்பே மரியாதைக்கேடு.

தம்பி, ஊரில் இருக்கிற உங்கள் தங்கச்சிக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு அலுவலகத்தின் தளத்தையும் வாசித்து அவர்கள் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள், அது உண்மையில் பெரிய உதவி. கோடையில் ஊர் ஒன்பதரை மணித்தியாலம் முந்தி, குளிர்காலத்தில் பத்தரை. அவ இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்போது உங்கள் மேசையில் குறிப்பு இருக்கும். அனுப்புவது நீங்களாகவே இருங்கள்.

லண்டனிலோ சிட்னியிலோ இருப்பவர்களுக்கு: பிரித்தானியாவில் கம்பனி ஈமெயிலுக்கு முன்சம்மதம் தேவையில்லை, ஆனால் தனியாளாகத் தொழில் செய்பவரைச் சட்டம் தனிநபராகவே பார்க்கும். அவுஸ்திரேலியாவில் நிறுத்தச் சொன்னால் 5 வேலைநாள்தான்.

கொமிஷன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதல் ஈமெயிலில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் ஒரு லோயர், உரிமம் இல்லாத ஒருவருக்கு ஆள் அனுப்பியதற்காகப் பணமோ வேறு வெகுமதியோ கொடுக்கக்கூடாது. உரிமம் உள்ளவர்களுக்கிடையிலேயே 25,000 டொலர் என்று உச்சம் வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் "பத்து வீதம் தாருங்கோ" என்று எழுதுபவரை அவர் ஏன் நம்ப வேண்டும்?

நேரமும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் கணக்காளருக்கு எழுதுவது வீண். ஏப்ரல் 30 தனிநபர் ரிட்டர்ன், ஜூன் 15 சுயதொழில்காரருடையது. அது முடிந்த பிறகு, பையோடு வந்தவர்களால் வந்த களைப்பு கணக்காளருக்கு இன்னும் போகாமல் இருக்கும்போது எழுதுங்கள். வீடு வாங்கி விற்கிற அலுவல் பார்க்கிற லோயர்களுக்கு மாதக்கடைசி வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து, அதே ஈமெயிலின் கீழே இரண்டு வரி (தெரிந்தவர் பெயரைச் சொல்லி மட்டும் அனுப்பிய ஈமெயிலுக்கு இது இல்லை, அது ஒன்றே ஒன்றுதான்). அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

யாராவது முதல் ஆளை அனுப்பிவிட்டால், அன்றைக்கே ஒரு வரி போடுங்கள்: அவர் தொடர்புகொண்டார், வியாழக்கிழமை சந்திக்கிறோம், நன்றி. அந்த வாடிக்கையாளருடைய கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று, அவர் எழுத்தில் சம்மதிக்கும் வரை, அனுப்பியவரிடமும் சொல்ல வேண்டாம்.