எந்தப் படம் நின்று பிடிக்கும்? வன்னி ஊர்க்காரர் மூவரின் டெக் (வீடியோ கசெற் பிளேயர்) கால அனுபவங்கள்

முறிகண்டிப் பக்கம்:
நல்லா ஓடின படமெல்லாம் கல்ட் ஆகாது, அதாவது வருசக்கணக்காச் சனம் கொண்டாடுற படமாகாது. தியேட்டரில கவிழ்ந்து, பிறகு சனத்தின்ர வாயில ஏறவேணும். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து வசூலில படுத்தது, எழுப்பிவிட்டது ரீவிதான். 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கல். பசியில கிடக்கிற சனம், பிடிபட்ட பெண்களுக்கு நடக்கிற கொடுமை... 2009 மேயில போர் முடிஞ்சு எட்டு மாதத்தில வந்த படம். வன்னிக்காரன் அதை வெறும் சோழர் கதையாய்ப் பார்க்கேலாது.

வவுனிக்குளம்:
தோல்வி மட்டும் காணாது. தொண்ணூறுகளில இங்க கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை. ரீவி, டெக், ஜெனறேற்றர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூண்டு நாலு படம் ஓட்டுறது. கொப்பிக்குக் கொப்பி அடிச்ச கசெற்றில முதல்ல போறது நிறம், பிறகு முகம். சத்தம்தான் கடைசிவரை தாங்கும். அதால வசனப் படங்கள் தப்பிச்சுது, இருட்டிலயே நடக்கிற படங்கள் செத்துது.

'குணா'வைப் பாருங்கோ. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோட மோதி அடிபட்டது. நாலாவது கொப்பியில, படத்தில வாற குகை வெறும் கறுப்பு. ஆனா 'கண்மணி அன்போட' பாட்டே வாயால சொல்லி எழுதிற கடிதம். படம் தெரியாட்டிலும் கேட்கும். 2024இல மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எடுத்ததும் அதே பாட்டைத்தானே.

புதுக்குடியிருப்பு:
ஜெனறேற்றரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பெற்றோலில ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப்பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். அவசரப்பட்டா புளக்கில கரி பிடிச்சு, கிளைமாக்ஸில நிண்டுபோகும். நிப்பாட்ட முன்னமும் கொஞ்சம் பெற்றோல் விடவேணும். இல்லாட்டி காபரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் தங்கி அடுத்த தரம் இழுத்து இழுத்துக் கை விட்டுப்போகும். 60 வாட் குண்டு பல்ப் ஒண்டைச் சேர்த்துக் கொழுவினா வோல்ற்றேஜ் ஏறி இறங்கிறது கண்ணுக்குத் தெரியும்.

படத்தில வெள்ளைப் புள்ளி பறந்தா டெக்கில நாடாவை வாசிக்கிற ஹெட்டில ஊத்தை. வெள்ளைத் தாளில ஸ்பிரிட் நனைச்சு அசையாமப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால ஹெட் இருக்கிற உருளையைச் சுத்தவேணும். மேலும் கீழுமாய்த் தேய்ச்சா ஹெட் உடையும், பிறகு டெக்கே குப்பை.

வவுனிக்குளம்:
அதுவும் இந்தக் கதைக்குள்ளதான் வருது. சூடு ஆறட்டும் எண்டு எஞ்சினை நிப்பாட்டுற அரை மணித்தியாலத்தில, பார்த்த வசனத்தைச் சனம் திரும்பச் சொல்லிக் காட்டும். அங்கதான் மனப்பாடம்.

முறிகண்டிப் பக்கம்:
சரி, அதை ஒத்துக்கொள்ளுறன். இப்ப கோயில் வீதியில புரொஜெக்டர் போடுறவை ஒண்டு செய்து பாக்கலாம். ஏழு மணிக்கு முன்னம் தொடங்காதேங்கோ, திரை வெளிறும். வேட்டித் திரையின்ர கீழ் விளிம்பையும் கயிறு போட்டுக் கட்டுங்கோ, காத்துக்குப் பாய் மாதிரி ஊதும். பேர்போன வசனம் வரேக்க சத்தத்தை மூண்டு செக்கன் குறையுங்கோ. பின்வரிசைப் பெடியள் அந்த இடத்தை நிரப்பினா அது கல்ட் படம். "டேய், சவுண்ட்!" எண்டு கத்தினா வெறும் பழைய படம்.