அலைச் சத்தத்தில் தியானம், கூடவே கரை சுத்தம்: எப்படி, எப்போது?

கேள்வி: அலையோடு மூச்சைச் சேர்த்தால் திணறுகிறது. எங்கே தப்பு? கரையைச் சுத்தம் செய்ய எந்த நேரம் நல்லது?

பதில் 1: சேர்ப்பதே தப்பு. ஓர் அலை 6 விநாடியில் வரும், அடுத்ததற்கு 12 ஆகும். துரத்தினால் மூச்சு முட்டத்தான் செய்யும். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். அலை பின்வாங்கும்போது நுரை மணலில் ‘சொர்ர்’ என்று வற்றுமே, அந்தச் சத்தம் அடங்கும்வரை காது கொடுங்கள். 20 அலை போதும். கண்ணை மூடுவதானால் ஈர மணலைத் தாண்டி மேலே உட்காருங்கள்.

பதில் 2: கடல் ஏற்றம் முடிந்து நீர் வற்றத் தொடங்கியதும் சுத்தம் செய்யப் போங்கள். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காய்ந்த பாசி ஒதுங்கிய கோட்டில்தான் பிளாஸ்டிக் சிக்கிக் கிடக்கும். பாசியை அள்ளாதீர்கள், உதறிப் போடுங்கள். அதிலிருக்கும் பூச்சிகள்தான் கரைப்பறவைகளுக்குத் தீனி. பொடித்துண்டுகளுக்குச் சல்லடை, அதுவும் காய்ந்த மணலில் மட்டும். ஈர மணல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். புதைந்த வலையை இழுக்காமல், தெரியும் பகுதியை அறுத்தெடுங்கள்.

பதில் 3: சிகரெட் துண்டை விட்டுவிடாதீர்கள். பஞ்சு மாதிரி இருந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக்தான். கையுறை அவசியம்.